நார்வேயின் மர வழியில் ஒரு பயணம்

ஐரோப்பாவின் வடகோடியில் அமைந்த நார்வே நாட்டில், தலைநகர் ஓஸ்லோவிலிருந்து வடக்கு நோக்கி ஈ-6 என்னும் நெடுஞ்சாலை செல்கிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்ததும் இடப்புறத்தில் ம்யோசா ஏரி கண்ணில் படத் தொடங்கும். 117 கிலோமீட்டர் நீளமுள்ள இதுவே அந்நாட்டின் மிகப் பெரிய ஏரி. ஏரியின் வடமுனையில் லில்லெஹாமர் நகரம். அதற்கு அப்பால் லோகென் ஆறு பாய்ந்து வரும் குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கு. வழிநெடுகிலும் ஸ்ப்ரூஸ், பைன் என்னும் ஊசியிலை மரங்கள் மலைச்சரிவை மூடி நிற்கின்றன.

கல்லில் கோபுரம் எழுப்பிய மண்ணிலிருந்து செல்லும் நமக்கு இந்தச் சாலை வியப்பைத் தரும். இங்கே விளையாட்டு அரங்கின் கூரை மரம். பதினெட்டு மாடிக் கட்டடம் மரம். ஆற்றைக் கடந்த பாலம் மரம். 800 ஆண்டுப் பழமை வாய்ந்த வழிபாட்டுத் தலமும் மரம். எங்கள் மகள் ஓஸ்லோவில் வசிக்கிறாள். மாப்பிள்ளை கட்டுமானப் பொறியாளர். கோடை விடுமுறையில் எங்கள் இருவரையும் அவர் இந்த வழியே காரில் அழைத்துச் சென்றார். புறப்படும்போது என் மனைவி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இவ்வளவு பெரிய மரங்களை ஒன்றோடொன்று எது பிடித்துக்கொண்டிருக்கிறது, மாப்பிள்ளை?"

"அத்தை கேட்டதுதான் எங்கள் தொழிலிலேயே கடினமான கேள்வி. மரம் பெரும்பாலும் நடுவில் முறிவதில்லை, இன்னொரு மரத்தோடு சேரும் இடத்தில்தான் முறியும்" என்றார் அவர். அந்தக் கேள்விக்கான விடையைத் தேடிச் சென்றதாகவே எங்கள் பயணம் அமைந்தது.

ஹாமர்: கவிழ்த்து வைத்த கப்பல்

முதலில் நாங்கள் நின்ற ஊர் ஹாமர். 1994-ஆம் ஆண்டு லில்லெஹாமரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றபோது, பனிச்சறுக்கு ஓட்டத்திற்காக ஏரிக்கரையில் கட்டப்பட்ட அரங்கம் இங்கே இருக்கிறது. பண்டைய வைக்கிங் கடலோடிகளின் கப்பலைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற தோற்றம். பெயரும் 'வைக்கிங் கப்பல்' என்பதே. உள்ளே சென்று அண்ணாந்து பார்த்தால், நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 96 மீட்டர் அகலத்தை மர வளைவுகள் தாண்டி நிற்கின்றன.

நார்வேயின் எந்தக் காட்டிலும் 96 மீட்டர் விட்டம் தரக்கூடிய மரம் வளர்வதில்லை. அப்படியானால் இந்த வளைவுகள் எப்படி வந்தன? ஸ்ப்ரூஸ் மரத்தை நாலரை சென்டிமீட்டர் அளவு கனமுள்ள பலகைகளாக அறுத்து, ஈரம் போக உலர்த்துகிறார்கள். பலகைகளின் முனைகளைச் சீப்புப் பற்களைப் போல வெட்டி, இரு கை விரல்களைக் கோப்பதுபோல் ஒன்றுக்குள் ஒன்று செலுத்திப் பசையிட்டு ஒட்டுகிறார்கள். இவ்வாறு நீண்ட பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பசை தடவி, பெரும் அழுத்தத்தில் இறுக வைக்கிறார்கள். ஈரப் பசையோடு வளைத்து வைத்தால் வளைந்த விட்டமே கிடைத்துவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஹெட்ஸர் என்பவர் 1906-இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். பொறியாளர்கள் இதைக் 'குளூலாம்' என்கிறார்கள். நாம் அடுக்குமரம் என்று சொல்லிக்கொள்வோம்.

அடுக்குமரத்தின் சிறப்பு நீளம் மட்டுமன்று. ஒரே மரத்தில் ஓரிடத்தில் கணு இருந்தால் அந்த இடம் முழுக்கப் பலவீனப்படும். பத்துப் பலகைகளை அடுக்கினால் ஒரு பலகையின் கணுவை மற்ற ஒன்பதும் ஈடுகட்டிவிடும். ஆகவே விட்டத்தைப் பற்றிய கவலை பெரிதும் குறைந்தது. ஆனால் விட்டம் பெரிதாகப் பெரிதாக அது தாங்கும் பாரமும் பெரிதாகிறது. அத்தனை பாரமும் அடுத்த விட்டத்திற்குக் கைமாறும் இடம் மட்டும் சிறியதாகவே இருக்கிறது.

புருமுன்டால்: ஏரிக்கரை மரக் கோபுரம்

ஹாமருக்குச் சற்று வடக்கே, ஓஸ்லோவிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில், புருமுன்டால் என்ற சிற்றூர். அங்கே ஏரிக்கரையில் 'ம்யோசா கோபுரம்' எனப் பொருள்படும் ம்யோஸ்டோர்னெட் நிற்கிறது. 18 மாடிகள், 85.4 மீட்டர் உயரம். 2019-இல் கட்டி முடிக்கப்பட்டபோது உலகின் மிக உயர்ந்த மரக் கட்டடம் என்ற பெருமையைப் பெற்றது. 2022-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 86.6 மீட்டர் உயரத்தில் எழுந்த கட்டடம் அந்த இடத்தைப் பிடித்தது. ம்யோஸ்டோர்னெட்டில் தங்கும் விடுதியும் அலுவலகங்களும் குடியிருப்புகளும் இருக்கின்றன. மூலைத் தூண்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமும் 62 சென்டிமீட்டர் அகலமும் கொண்டவை. கட்டடம் காற்றில் அதிகம் ஆடாமலிருக்க, மேல் ஏழு மாடிகளின் தளங்களை மட்டும் கான்கிரீட்டால் அமைத்து உச்சியில் எடையைக் கூட்டியிருக்கிறார்கள்.

கீழ்த்தளத்தில் தூணும் சாய்வுக் கட்டையும் சேரும் மூலையைத் தேடிப் பார்த்தோம். ஆணியோ பட்டையோ கண்ணில் படவில்லை. மரப் பரப்பில் காசு அளவிலான வட்டங்கள் மட்டும் வரிசை வரிசையாகத் தெரிந்தன. "அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் ஓர் எஃகு முளையின் தலை" என்று மாப்பிள்ளை விளக்கினார். விட்டத்தின் முனையில் ரம்பத்தால் நீண்ட பிளவுகளை அறுத்து, அவற்றுள் எஃகுத் தகடுகளைச் செருகுகிறார்கள். பிறகு பக்கவாட்டில் துளையிட்டு, மரத்தையும் தகட்டையும் சேர்த்துக் கோக்கும்படி எஃகு முளைகளை அடித்துச் செலுத்துகிறார்கள். முளைகள் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் பருமன். நம் சுண்டு விரலை ஒத்தவை.

தகட்டை உள்ளே மறைப்பது அழகுக்காக மட்டுமன்று. தீப்பற்றினால் எஃகு சூடேறி இளகிவிடும். பருத்த மரமோ மேற்பரப்பில் கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வையாகிவிடுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் கரி உள்ளே இறங்கும். இரண்டு மணி நேரத் தீயிலும் எட்டரை சென்டிமீட்டர் ஆழமே கரியும். அதற்கும் உட்புறத்தில் தகடு இருந்தால் அது வலுவிழப்பதில்லை. இரும்பை மரம் காப்பாற்றும் விந்தையை அங்கேதான் அறிந்தேன்.

"ஒரே தடித்த போல்ட்டைப் போட்டால் போதாதா? ஏன் இத்தனை சிறு முளைகள்?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன விடையைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே தருகிறேன். பின்னால் வரும் செய்திக்கு அது தேவைப்படும்.

விறகு பிளந்தவர்கள் அனைவருக்கும் தெரியும், மரத்தை நாரின் போக்கில் எளிதில் பிளந்துவிடலாம். ஆனால் அதே நாரின் போக்கில் இழுத்து அறுப்பது மிகக் கடினம். அடுக்குமரத்தை நாரின் நீளவாக்கில் இழுத்தால் தாங்கும் வலிமையில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான் குறுக்கே இழுத்தால் தாங்கும். தடித்த போல்ட் சிறிதும் வளையாது. ஆப்பைப் போல நின்று மரத்தைப் பிளந்துவிடும். மெல்லிய முளையோ பாரம் மிகும்போது தானும் சற்று வளைந்து, தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் சற்று நசுக்கிக்கொண்டு நிற்கும். டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான்சென் என்ற அறிஞர் 1949-இல் இந்த வளைவுக்குக் கணக்கு வகுத்தார். ஐரோப்பிய விதிநூல் இன்றும் அதையே பின்பற்றுகிறது. நம் ஊர்த் தேர் அசையும்போது எழும் கிறீச்சொலியைக் கேட்டிருப்பீர்கள். பாரம் தாங்கும் பொருத்துகள் ஒன்றோடொன்று உரசி விட்டுக்கொடுக்கும் ஓசை அது. விட்டுக்கொடுக்கும் பொருத்து முன்கூட்டியே எச்சரிக்கும். பிளந்துவிடும் பொருத்து எச்சரிக்காது.

அதற்காக முளைகளை நினைத்த இடத்தில் அடித்துவிட முடியாது. 12 மில்லிமீட்டர் முளையென்றால், இழுபடும் மரத்தின் முனையிலிருந்து குறைந்தது 84 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நாரின் போக்கில் ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் 60 மில்லிமீட்டர் இடைவெளி. குறுக்கே வரிசைக்கு வரிசை 36 மில்லிமீட்டர். இதற்குக் குறைந்தால் முளைகள் வரிசையாகத் துளைத்த இடத்தில், கிழிப்பதற்கென்றே துளையிட்ட தபால்தலைத் தாளைப் போல மரம் கிழியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அது என்னை மிகவும் கவர்ந்தது. ஒரே வரிசையில் பத்து முளைகளைக் குறைந்தபட்ச இடைவெளியில் அடித்தால், அவற்றைப் பத்து என்று மதிக்கக்கூடாதாம். விதிநூலின் சூத்திரப்படி அவை ஆறேகால் முளைகளுக்கே சமம். எல்லா முளைகளும் ஒரே நேரத்தில் சமமாகப் பாரம் ஏற்பதில்லை என்பதே காரணம். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கடன் பிரிவைப் பார்த்த எனக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கடனுக்குப் பத்துப் பேர் கூட்டாக ஜாமீன் கையெழுத்திட்டாலும், வசூல் நாளில் பத்துப் பேரும் ஒரே அளவில் முன்வருவதில்லை அல்லவா?

ட்ரெட்டென்: ஆற்றங்கரையில் ஒரு மௌனம்

லில்லெஹாமரைக் கடந்ததும் பள்ளத்தாக்கு குறுகுகிறது. கோடையில் பனியாறுகளின் நுண்துகள் கலப்பதால் லோகென் ஆற்றின் நீர் இளம்பச்சையாக ஓடுகிறது. இந்த ஆற்றின் கரையில்தான் ட்ரெட்டென் என்ற சிற்றூர் இருக்கிறது.

2012-இல் இவ்வூரில் ஆற்றின்மேல் சுமார் 150 மீட்டர் நீளத்தில் ஒரு பாலம் திறக்கப்பட்டது. அடுக்குமரமும் எஃகும் சேர்ந்து முக்கோண முக்கோணமாகப் பின்னிய சட்டகங்கள் அதைத் தாங்கின. நூறாண்டுகள் நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு எழுந்த பாலம் அது. 2022 ஆகஸ்டு 15 அன்று காலை ஏழரை மணியளவில் அது முழுவதுமாக ஆற்றில் சரிந்தது. அப்போது பாலத்தின்மேல் ஒரு லாரியும் ஒரு காரும் இருந்தன. கார் நீரில் விழுந்தது. லாரி சாய்ந்த பாலத்தின்மேல் தொங்கியது. லாரி ஓட்டுநரை ஹெலிகாப்டரில் தூக்கி மீட்டார்கள். காரில் இருந்தவரும் உயிர் பிழைத்தார். அந்த நேரத்தில் பள்ளிப் பேருந்து ஒன்று பாலத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்குகிறது. என் மனைவி நெடுநேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளமில்லை, புயலில்லை, நிலநடுக்கமில்லை. வழக்கமாகச் செல்லும் வாகனங்களே சென்றன. பிறகு ஏன் விழுந்தது? நார்வேயின் விபத்து விசாரணை ஆணையம் இடிபாடுகளை எடுத்து ஆராய்ந்தது. சாய்வான ஓர் அடுக்குமரக் கட்டையின் பொருத்தில் முறிவு தொடங்கியதாக அது கண்டறிந்தது. முளைகள் முறியவில்லை. தகடு கிழியவில்லை. முளைகள் துளைத்திருந்த பகுதி அப்படியே ஒரு கட்டையாக மரத்திலிருந்து பிய்ந்து வெளியே வந்துவிட்டது.

இதை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். சட்டையில் பொத்தானை மிக உறுதியான நூலால் தைத்துவிட்டுப் பலமாக இழுத்துப் பாருங்கள். நூல் அறாது, பொத்தானும் உடையாது. பொத்தானைச் சுற்றியுள்ள துணி வட்டமாகக் கிழிந்து பொத்தானோடு வந்துவிடும். எத்தனை முறை தையல் போட்டோம் என்று எண்ணுவதால் மட்டும் பயனில்லை. தையலைத் தாங்கும் துணியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மரத்தில் இதற்குக் கட்டைப் பிய்வு என்று பொருள்படும் பெயர் உண்டு. முளைகள் அடர்ந்த கூட்டமாக இருக்கும்போது, கூட்டத்தின் இரு ஓரங்களிலும் மரம் நாரின் போக்கில் வழுக்கி, முனையில் நார் அறுந்து, நடுவிலுள்ள பகுதி மொத்தமாகக் கழன்றுவிடும். இது கணப்பொழுதில் நிகழும்; முன் எச்சரிக்கை எதுவும் இருக்காது.

முளைகள் ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கில் இது தென்படாது. இதற்கென்று தனிக் கணக்குப் போட வேண்டும். 2004-இல் வெளிவந்த ஐரோப்பிய மர விதிநூலில் அந்தத் தனிக் கணக்கு இருக்கவே செய்கிறது. ஆனால் கட்டாய விதிகளோடு சேர்ந்து அன்று, தகவலுக்காகச் சேர்த்த பின்னிணைப்பில்! கடன் பத்திரத்தின் பின்பக்கத்தில் சிறு எழுத்தில் அச்சிட்ட நிபந்தனையை எத்தனை பேர் படிக்கிறார்கள்? எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

இதில் மேலும் வருந்தத்தக்க செய்தி ஒன்று இருக்கிறது. இதே பள்ளத்தாக்கில், இன்னும் வடக்கே ஷூவா என்ற ஊரின் அருகில், 2016 பிப்ரவரியில் பெர்கோலோ பாலம் என்ற மற்றொரு மரப் பாலம் லாரி ஒன்று செல்லும்போது விழுந்தது. கட்டிச் சில ஆண்டுகளே ஆன பாலம் அது. அங்கே ஒரு பொருத்தின் கணக்கில் பிழை நேர்ந்து, இருக்க வேண்டிய வலிமை அதில் இல்லாமல் போயிருந்தது. அதன் பிறகு நாட்டிலுள்ள மரப் பாலங்களின் கணக்குகளை மறுபடி சரிபார்த்தார்கள். ட்ரெட்டென் பாலமும் அவற்றுள் ஒன்று. சில காலம் மூடப்பட்டு, பிறகு மீண்டும் திறக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து அது விழுந்தது.

"சரிபார்த்த பிறகுமா?" என்று என் மனைவி கேட்டாள். மாப்பிள்ளை உடனே பதில் சொல்லவில்லை. வங்கியில் தணிக்கைக்குச் சென்ற அனுபவத்தை நான் சொன்னேன். ஒரு கிளையில் ஒரு வகை முறைகேடு வெளிப்பட்டால் மற்ற கிளைகளிலும் அதே வகையைத்தான் தேடுவோம். கையிலிருக்கும் கேள்விப் பட்டியல் எதைக் கேட்கிறதோ அதற்கே விடை கிடைக்கும். பட்டியலில் இல்லாத குறை, கண்ணெதிரே இருந்தாலும் கண்ணில் படாது. "அதேதான் மாமா. பொருத்தைப் பார்த்தார்கள், பொருத்து இப்படியும் முறியலாம் என்ற கேள்வியைப் போதிய அழுத்தத்தோடு கேட்கவில்லை" என்றார் அவர்.

ட்ரெட்டென் பாலம் விழுந்ததும் அதே வகையைச் சேர்ந்த 14 பாலங்களை மூடினார்கள். இன்று பொறியாளர்கள் கட்டைப் பிய்வைத் தனியே கணக்கிடுகிறார்கள். முளைக் கூட்டம் இருக்கும் இடத்தில் நாருக்குக் குறுக்காக நீண்ட திருகாணிகளைச் செலுத்தி, மரம் பிளவாதபடி தைத்து வைக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. மரம் உலரும்போது குறுக்கே சுருங்கும்; உள்ளிருக்கும் தகடு சுருங்காது. அந்த இழுபறியிலேயே முளை வரிசையில் வெடிப்பு தொடங்கக்கூடும் என்பதால் ஈரத்தையும் கண்காணிக்கிறார்கள்.

ரிங்கெபு: எண்ணூறு ஆண்டுப் பொருத்துகள்

ட்ரெட்டெனிலிருந்து ஆற்றோடு மேலும் வடக்கே சென்றால் ரிங்கெபு. ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஒரு மரத் தேவாலயம் நிற்கிறது. ஏறத்தாழ 1220-இல் கட்டப்பட்டது. சிவந்த கூர்மாடமும் பக்கச் சிறகுகளும் 1630-ஐ ஒட்டி வெர்னர் ஓல்சென் என்ற கட்டடக் கலைஞர் சேர்த்தவை. இவ்வகைத் தேவாலயங்களுக்கு 'ஸ்டாவ்' தேவாலயம் என்று பெயர். ஸ்டாவ் என்றால் நிமிர்ந்து நிற்கும் தூண். ஒரு காலத்தில் நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல் இருந்தன என்பது கணிப்பு. இன்று நார்வேயில் எஞ்சியவை 28.

உள்ளே நுழைந்ததும் நிலவும் அமைதியும், மரத்தில் ஊறிய கீலின் மணமும் நம்மை அறியாமல் குரலைத் தாழ்த்தச் செய்கின்றன. என் மனைவி வாயிலிலேயே கைகூப்பினாள். வழிபடும் இடம் எவருடையதாயினும் அவளுக்கு அது வழக்கம். நடுவே உயர்ந்து நிற்கும் பைன் தூண்களைப் பார்த்தோம். தூண்கள் மண்ணில் புதைந்திருக்கவில்லை. கல் அடித்தளத்தின்மேல் படுக்கையாகக் கிடத்திய கனத்த கட்டைகளின்மேல் அவை நிற்கின்றன. இதே இடத்தில் இதற்கு முன்பிருந்த தேவாலயத்தின் தூண்கள் மண்ணில் குழி தோண்டி நடப்பட்டவை. அந்தக் குழிகளை அகழ்வாராய்ச்சியில் கண்டெடுத்திருக்கிறார்கள். மண்ணில் நட்ட மரம் ஈரத்தால் உளுத்துப்போகும். தூணின் அடியையும் மண்ணையும் பிரித்து வைத்த பிறகுதான் இவை நூற்றாண்டுகளைக் கடந்தன. ஆகவே நீடித்து நின்றதன் முதல் இரகசியமும் ஒரு பொருத்தே. மரம் பூமியைச் சந்திக்கும் பொருத்து.

மேலே தூணும் விட்டமும் சேரும் மூலைகளில் வளைந்த மரத் துண்டுகள் முழங்கால் போலத் தாங்கி நிற்கின்றன. நேரான கட்டையிலிருந்து வளைவாக அறுத்த துண்டுகள் அல்ல இவை. அப்படி அறுத்தால் வளைவில் நார் அறுபட்டு, அந்த இடத்திலேயே பிளந்துவிடும். அடிமரம் வேராகத் திரும்பும் இடத்தில் இயற்கையாகவே வளைந்திருக்கும் பகுதியைத் தேடி எடுத்திருக்கிறார்கள். அங்கே நாரும் வளைவோடு சேர்ந்தே வளைந்து செல்கிறது. எந்த விதிநூலும் இல்லாத காலத்துத் தச்சர்கள், மரம் எந்தத் திசையில் பிளக்கும் என்ற ஒரே அறிவைக் கொண்டு மரத்தைத் தேர்ந்திருக்கிறார்கள்.

தூண்களுக்கு இடையே பெருக்கல் குறிபோல் குறுக்குக் கட்டைகள். அவற்றை இறுக்கியவை மர முளைகள். ஒரு பொருத்து தளர்ந்தால் அதன் பாரத்தை ஏற்க முழங்கால் கட்டை இருக்கிறது. அது தளர்ந்தால் குறுக்குக் கட்டை இருக்கிறது. காற்றடிக்கும்போது கட்டடம் முழுவதும் இம்மி அளவு அசைந்து, மீண்டும் தன் நிலைக்கு வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே எல்லாப் பொருத்துகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. தளர்ந்ததைக் கண்டு மாற்றலாம். வெளிச்சுவர்களுக்கு அவ்வப்போது கீல் பூசிக் காக்கலாம். எட்டு நூற்றாண்டுகளாக யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். பார்ப்பார் இல்லாமற்போன நூற்றுக்கணக்கான தேவாலயங்கள் இன்று இல்லை.

பழையது எல்லாம் உயர்ந்தது, புதியது எல்லாம் தாழ்ந்தது என்று இதைக் கொண்டு நான் சொல்லவில்லை. ரிங்கெபு தேவாலயத்தின்மேல் லாரி ஓடுவதில்லை. 96 மீட்டர் அகலத்தையும் 18 மாடி உயரத்தையும் மர முளைகளால் தாண்ட முடியாது. ம்யோஸ்டோர்னெட்டைக் கட்டியவர்களும் நாரின் போக்கை அறிந்தே கட்டியிருக்கிறார்கள். வேறுபாடு ஒன்றுதான். அங்கே பொருத்து மரத்துக்குள் மறைந்திருக்கிறது. கண்ணால் காண முடியாததைக் கணக்கால்தான் காண வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு கேள்வி விடுபட்டாலும், அதைக் கேட்பதற்கு வேறு எவரும் இல்லை.

திரும்பும் வழியில் ஓஸ்லோ விமான நிலையத்தின் கூரையைப் பார்த்தோம். அதையும் நீண்ட அடுக்குமர விட்டங்களே தாங்குகின்றன. வழியனுப்ப வந்த மகளிடம் பேசியபடியே, விட்டமும் தூணும் சேரும் இடத்தை என் மனைவி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயணம் செய்வோர் கவனத்திற்கு

நார்வேயில் பிள்ளைகளோ உறவினரோ இருக்கும் வாசகர்கள் ஜூன் முதல் ஆகஸ்டு வரை செல்வது நலம். அப்போது மாலையில் நெடுநேரம் வெளிச்சம் இருக்கும். குளிரும் தாங்கும் அளவே. எனினும் கம்பளிச் சட்டையும் மழைக்காப்பும் அவசியம். கார் வசதி இல்லாதவர்களுக்கு ஓஸ்லோவிலிருந்து ஹாமர், புருமுன்டால், லில்லெஹாமர், ரிங்கெபு ஆகிய ஊர்களுக்கு ஒரே தடத்தில் இரயில் செல்கிறது. லில்லெஹாமருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். அங்கே இரவு தங்கினால் மூட்டு வலி உள்ளவர்களும் சிரமமின்றிப் பார்த்து வரலாம். ரிங்கெபு நிலையத்திலிருந்து தேவாலயத்துக்கு ஏற்றம் என்பதால் வாடகைக் கார் அமர்த்திக்கொள்வது நல்லது. சைவ உணவு சிற்றூர்களில் எளிதில் கிடைக்காது. ரொட்டி, தயிர், உருளைக்கிழங்கு கிடைக்கும். கையில் கொஞ்சம் புளிக்காய்ச்சல் இருந்தால் கவலையில்லை.

தேவாலயத்துக்குள் செல்லும்போது சிறிய கைவிளக்கு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். தூணும் முழங்கால் கட்டையும் சேரும் இடம் உயரத்தில், நிழலில் இருக்கிறது.